நாம் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்

2016ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிரான்சில் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி தொடங்கியது. அது ஒரு மாதம் நடந்து முடிந்தது. ஆகஸ்டு 5ஆம் நாள் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக் தீபம் ஏற்றப்பட்டது. ஐரோப்பியர்களுக்கு அது கோடைக்காலம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஆயினும் அந்தச் சில மாதங்களில் இவ்விரு நாட்டு விளையாட்டு ரசிகர்களின் இரவும் பகலும் இடம் மாறிக்கொண்டன. பிரான்சில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை இங்கே விடியற்காலை 3 மணிக்குப் பார்க்க வேண்டும். ரியோ நகரமோ மலேசியாவைவிட 11 மணி நேரம் பின்தங்கியிருந்தது. அங்கே காலையில் நடக்கும் ஆட்டம் இங்கே இரவில் வரும். அங்கே இரவில் நடப்பது இங்கே மறுநாள் காலையில் வரும்.

அவ்வாண்டு மலேசியாவில் நோன்பு மாதம் ஜூன் 7ஆம் நாள் பிறந்தது. அதனால் காற்பந்துப் போட்டியின் பெரும்பகுதி நோன்பு மாதத்திலேயே நடந்தது. மூன்று மணி ஆட்டம் முடியும்போது சஹூர் நேரம் நெருங்கிவிடும். மாமாக் கடைகளில் பெரிய திரைக்கு முன்னால் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முன் ரொட்டி சானாய், இன்னொருவர் முன் தே தாரேக். ஐரோப்பாவின் ஏதோ ஒரு நாட்டுச் சட்டையை அணிந்த ஒருவர், “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, திரை மறைக்குது!” என்று குரல் கொடுப்பார். அந்த நாட்டின் மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. ஆனால், அந்த அணி வென்றால் அடுத்த நாள் நண்பர்களிடம் அவர் சொல்வது “நாம் ஜெயிச்சிட்டோம்!” என்பதுதான்.

இந்த ‘நாம்’ கவனிக்கத்தக்க சொல். தமிழ் இலக்கணத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகிய இரண்டும் தன்மைப் பன்மை. ‘நாங்கள்’ என்பது கேட்பவரை விலக்கி நிற்கும். ‘நாம்’ என்பதோ கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். திடலில் ஓடியவர் யாரோ, வியர்வை சிந்தியவர் யாரோ; நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்தவரும் அவர் பேச்சைக் கேட்பவரும் அந்த ஒரு சொல்லால் அணியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினி, தம் ஆய்வுக் குழுவினருடன் சேர்ந்து 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சில பல்கலைக்கழகங்களின் காற்பந்து அணிகள் விளையாடி முடித்த பின், மாணவர்கள் எத்தகைய சட்டை அணிந்து வகுப்புக்கு வருகிறார்கள் என்று அவர்கள் கணக்கெடுத்தனர். அணி வென்ற பிறகு பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. மாணவர்களின் பேச்சையும் ஆராய்ந்தனர். வெற்றியைப் பற்றிப் பேசும்போது ‘நாம்’ என்னும் சொல் மிகுதியாக வந்தது; தோல்வியைப் பற்றிப் பேசும்போது அது குறைந்துவிட்டது. சுருங்கச் சொன்னால், வென்றால் நாம் வென்றோம். தோற்றால் அவர்கள் தோற்றார்கள். இதைப் படிக்கும் எவருக்கும் தமக்குத் தெரிந்த ரசிகர் ஒருவரின் முகம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆனால், 2016இல் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு கூட்டம் பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் ஐஸ்லாந்து ரசிகர்கள்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம். மலேசியாவின் நடுத்தரமான ஒரு நகரத்தில் வாழ்வோரின் எண்ணிக்கையைவிட அது அதிகமில்லை. அதுவரை ஐரோப்பியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற நாடுகளில் அதுவே மிகச் சிறியது. அணியின் பயிற்றுநர்கள் இருவர். அவர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹல்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். அவருக்கு விந்தையான ஒரு பழக்கம் இருந்தது. சொந்த மண்ணில் ஆட்டம் நடக்கும் நாள்களில், ரசிகர் சங்கத்தினர் கூடும் இடத்துக்கு அவர் போவார். அன்று யார் யார் களமிறங்குகிறார்கள், எப்படி விளையாடப் போகிறார்கள் என்பதையெல்லாம் செய்தியாளர்களுக்குச் சொல்வதற்கு முன்பே அவர்களிடம் விளக்குவார். தொடக்கத்தில் அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பின்னர் அந்த இடம் நிரம்பி வழிந்தது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த இரகசியம் வெளியே கசிந்துவிடாதா? கசியவில்லை. அந்த ரசிகர் சங்கத்தின் பெயரான ‘தோல்ஃபான்’ என்பதற்குப் பன்னிரண்டு என்று பொருள். திடலில் இருப்பவர்கள் பதினொருவர். பன்னிரண்டாவது ஆள் தாங்களே என்று அவர்கள் கருதினார்கள். பயிற்றுநரும் அவர்களை அப்படியே நடத்தினார்.

போட்டிக்காக ஐஸ்லாந்திலிருந்து பிரான்சுக்குச் சென்றவர்கள் அந்நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கை நெருங்குவார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. அவர்கள் போர்த்துகலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 1-1 என்ற சமநிலையைக் கண்டார்கள். ஆஸ்திரியாவை 2-1 என வென்றபோது, தங்கள் தொலைக்காட்சி வருணனையாளர் குரல் கிறீச்சிட்டு உடையும் அளவுக்குக் கத்தியதைக் கேட்டார்கள். அந்தக் குரல் உலகம் முழுவதும் பரவியது. ஜூன் 27ஆம் நாள் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என வீழ்த்தியபோது, காற்பந்தின் தாயகம் என்று பெயர் பெற்ற நாடு தலைகுனிந்தது. இங்கிலாந்துப் பயிற்றுநர் அன்றே பதவி விலகினார்.

அந்த ஆட்டங்களின்போது உலகம் ஒரு கைத்தட்டலைக் கற்றுக்கொண்டது. முரசு இரண்டு முறை அதிரும். ஆயிரக்கணக்கானோர் கைகளை அகல விரித்தபடி அசையாமல் நிற்பார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் கைதட்டி, “ஹூ!” என்று ஒலி எழுப்புவார்கள். மீண்டும் மௌனம். மீண்டும் ஒரு தட்டல். இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்து, இறுதியில் மழை கொட்டுவதுபோல் ஆரவாரமாக முடியும். ஸ்காட்லாந்தின் மதர்வெல் அணியினுடைய ரசிகர்களிடமிருந்து இது கற்றுக்கொள்ளப்பட்டது என்று சொல்லப்படுகிறது. எங்கிருந்து வந்திருந்தாலும், அதன் ஆற்றல் ஒலியில் மட்டுமன்று, அந்த மௌனத்திலும் இருந்தது. இத்தனை ஆயிரம் பேர் ஒருசேர அடக்கமாகக் காத்திருப்பது விளையாட்டரங்கில் எளிதில் காணக்கூடியதன்று.

ஜூலை 3ஆம் நாள் காலிறுதி ஆட்டத்தில் ஐஸ்லாந்து பிரான்சை எதிர்கொண்டது. முதல் பாதி முடிவதற்குள் பிரான்சு நான்கு கோல்களை அடித்துவிட்டது. சியால்டினியின் ஆய்வின்படி, ‘நாம்’ என்ற சொல் மெல்ல மறைய வேண்டிய நேரம் அது. ஐஸ்லாந்து ரசிகர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. 5-2 எனத் தோற்ற பிறகு ஆட்டக்காரர்கள் ரசிகர்களின் முன் வந்து நின்றார்கள். இரு தரப்பினரும் சேர்ந்து அதே கைத்தட்டலைத் தட்டினார்கள். மறுநாள் அணி தலைநகர் ரெய்க்யாவிக் திரும்பியது. தோற்று வந்த அணியை வரவேற்க நகரின் நடுவிலுள்ள ஒரு குன்றின் சரிவில் மக்கள் திரண்டிருந்தார்கள். புல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அங்கேயும் முரசு அதிர்ந்தது, கைகள் விரிந்தன. சில நாள்களில் பிரான்சு அணியும் ஜெர்மனியை வென்றுவிட்டுத் தன் ரசிகர்களோடு சேர்ந்து அதே பாணியில் கைதட்டியது. தோற்றவர்களின் வழக்கத்தை வென்றவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்!

எல்லா ரசிகர்களும் அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. போட்டி தொடங்கிய இரண்டாம் நாளே மார்சே நகரத் தெருக்களில் இங்கிலாந்து, ரஷ்ய ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள், பலர் படுகாயமடைந்தனர். மறுபுறம், அயர்லாந்துக் குடியரசு, வட அயர்லாந்து ஆகிய இரு நாட்டு ரசிகர்களும் ஆடிப் பாடி, ஊர்மக்களோடு கலந்து பழகினார்கள். இரயிலில் ஒரு குழந்தையைக் கண்டதும் ஆர்ப்பாட்டப் பாடலை நிறுத்திவிட்டுத் தாலாட்டுப் பாடிய கூட்டமும் அவர்களிடையே இருந்தது. அவ்விரு அணிகளும் கிண்ணத்தை நெருங்கவேயில்லை. ஆனால், அவற்றின் ரசிகர்களுக்குப் பாரிஸ் மாநகர மேயர் பதக்கம் வழங்கினார். விளையாடாமலே பதக்கம் பெற்றவர்கள் அவர்கள்!

ஜூலை 10ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் போர்த்துகல் 1-0 என பிரான்சை வென்றது. ஈஃபிள் கோபுரத்தின் அருகில் பெரிய திரையில் ஆட்டத்தைப் பார்த்த பிரான்சு இளைஞர் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போர்த்துகல் சட்டை அணிந்த ஒரு சிறுவன் அவரிடம் சென்று கையைத் தொட்டு ஆறுதல் சொன்னான். அந்த இளைஞர் குனிந்து அவனைக் கட்டிக்கொண்டார். சில நொடிகளே நீடித்த அந்தக் காணொளியைப் பல கோடிப் பேர் பார்த்தார்கள். வென்ற கோலை அடித்தவரின் பெயரை மறந்தவர்கள்கூட அந்தச் சிறுவனை மறக்கவில்லை.

அடுத்து ரியோ. ஆகஸ்டு 13ஆம் நாள், சனிக்கிழமை. சிங்கப்பூரில் தேசிய நாள் கொண்டாட்டம் முடிந்து நான்கு நாள்கள்தாம் ஆகியிருந்தன. காலை 9 மணிக்குச் சற்றுப் பின்னர், ஆண்களுக்கான 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலின் இறுதிப் போட்டி தொடங்கியது. 50.39 விநாடிகளில் எல்லாம் முடிந்தது. ஜோசப் ஸ்கூலிங், சிறுவயதில் தாம் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்ட மைக்கல் பெல்ப்ஸையே முந்திச் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 1960இல் ரோம் நகரில் பளுதூக்குநர் டான் ஹாவ் லியாங் வெள்ளி வென்று 56 ஆண்டுகள் கடந்திருந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆகஸ்டு 18ஆம் நாள் திறந்த பேருந்தில் ஸ்கூலிங் நகரை வலம் வந்தார். சாலையோரமெங்கும் ‘நாம்’ என்ற சொல் நிரம்பியிருந்தது. ஸ்கூலிங் பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு அமெரிக்கா சென்று, பெற்றோரின் ஆதரவில் விடியற்காலைகளில் நீந்திப் பழகிய ஆண்டுகளில் அந்தச் சொல் இவ்வளவு பெரிதாக ஒலிக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மூன்று நாள்களில் அதே ரியோவில் ரசிகர்களின் மற்றொரு முகம் தெரிந்தது. ஆகஸ்டு 15ஆம் நாள் இரவு, கோலூன்றித் தாண்டும் போட்டியில் பிரான்சின் ரெனோ லவிலெனியும் பிரேசிலின் தியாகோ பிராஸும் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். கம்பை ஏந்தி ஓடி, சரியான நொடியில் ஊன்றி, உடலைத் தலைகீழாக உயர்த்த வேண்டிய விளையாட்டு இது. மனம் ஒரு கணம் சிதறினாலும் எல்லாம் கெடும். லவிலெனி ஓடத் தொடங்கும்போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தது. காற்பந்துத் திடலில் எதிரணியை இப்படி இரைச்சலால் கலங்கடிப்பது பிரேசில் ரசிகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வழக்கத்தை அவர்கள் தடகள அரங்கத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிராஸ் 6.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். லவிலெனிக்கு 5.98 மீட்டருடன் வெள்ளி.

கசப்பில் லவிலெனி, 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கோடு அந்தக் கூட்டத்தை ஒப்பிட்டுப் பேசினார். அது பொருந்தாத ஒப்பீடு. அவரே பின்னர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால், மறுநாள் பதக்கம் வழங்கும் மேடையிலும் கூட்டம் அவரை இகழ்ந்தது. போட்டி முடிந்துவிட்டது, தங்கம் கையில் வந்துவிட்டது, இனி எதற்கு அந்தக் கூச்சல்? மேடையில் நின்றபடியே லவிலெனி அழுதார். அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் தலைவர் தாமஸ் பாக் அந்த நடத்தையைக் கண்டித்தார். கோலூன்றித் தாண்டுவதில் முன்னாள் நாயகரான செர்கே புப்கா, லவிலெனியின் அருகில் சென்று தேற்றினார்.

மலேசிய ரசிகர்களுக்கோ அந்த ஆகஸ்டு மாதம் வெள்ளியால் ஆனது. முக்குளிப்பில் பண்டெலேலா ரினோங் – சியோங் ஜுன் ஹூங் இணை வெள்ளி வென்றது. சைக்கிளோட்டத்தில் அசிசுல்ஹஸ்னி அவாங் வெண்கலம் வென்றார். பூப்பந்துக் கலப்பு இரட்டையர் பிரிவில் சான் பெங் சூன் – கோ லியூ யிங் இணைக்கு வெள்ளி. ஆண்கள் இரட்டையர் இறுதியாட்டத்தில் கோ வீ ஷெம் – தான் வீ கியோங் இணை, முதல் செட்டை வென்றும் மூன்றாம் செட்டை 21-23 என இழந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஒலிம்பிக் தங்கம் ஒன்றையும் அதுவரை கண்டிராத நாடு, தன் கடைசி நம்பிக்கையை டத்தோ லீ சோங் வெய்மீது வைத்தது.

அவருக்கு அப்போது வயது 33. உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக நெடுங்காலம் இருந்தவர். 2008இல் பெய்ஜிங்கிலும் 2012இல் லண்டனிலும் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் லின் டானிடம் தோற்றவர். லண்டனில் மூன்றாம் செட்டை 19-21 என்ற மிகக் குறுகிய இடைவெளியில் இழந்துவிட்டு, நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர். ஓர் ஆட்டக்காரர் இரண்டு புள்ளிகளுக்காக ஒரு நாட்டிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தால், அந்த நாட்டின் எதிர்பார்ப்பு அவர் தோளில் எவ்வளவு கனத்திருக்கும்!

ஆகஸ்டு 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு அரையிறுதி. எதிரே மறுபடியும் லின் டான். முதல் செட் 15-21. இரண்டாம் செட் 21-11. மூன்றாம் செட்டில் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்தின. மாமாக் கடைகளில் கோப்பைகள் ஆறிப்போயின. தட்டு எடுக்க வந்த பணியாளரும் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். 22-20. லீ சோங் வெய் வென்றார்! கடை கடையாக எழுந்த கூச்சலில் யார் எந்த இனம் என்று பிரித்தறிய முடியவில்லை. வென்றவரும் தோற்றவரும் சட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். அவ்விருவரும் தம் வாழ்நாளில் 40 முறை மோதியவர்கள். அவற்றுள் 28 முறை வென்றவர் லின் டான். ஆயினும், லின் டானைப் பகைவராகக் கருதும் மலேசிய ரசிகரைக் காண்பது அரிது. அவர் இல்லாவிட்டால் லீ சோங் வெய்யின் கதை பாதியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் இறுதியாட்டம். எதிராளி சென் லோங், வயதில் இளையவர். 18-21, 18-21. ஒலிம்பிக்கில் மூன்றாவது வெள்ளி. திரைகளின் முன் அமர்ந்திருந்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை. ஆனால், அன்றிரவே சமூக ஊடகங்களில் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்ட சொல் ‘நன்றி’ என்பதாக இருந்தது. பூப்பந்தையே அறியாத பாட்டிமார்களும் அவர் பெயரை அறிந்திருந்தார்கள். தங்கம் வெல்லாத ஒருவரை ஒரு நாடு இவ்வளவு நேசித்தது ஏன் என்று வெளிநாட்டவர் வியக்கலாம். ஏறத்தாழ ஒவ்வொரு மலேசியக் குடும்பத்திலும் அவருக்காக ஓர் இரவேனும் கண்விழித்த ஒருவர் இருக்கிறார் என்பதே அதற்கு விடையாக இருக்கக்கூடும். ஒரு தோல்வியை நாடே ‘நாம் தோற்றோம்’ என்று ஏற்றுக்கொள்வது எளிதில் நடக்காத ஒன்று. அன்று அது நடந்தது.

பலரும் அத்தோடு தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள். ஆனால், விளையாட்டுகள் இன்னும் முடியவில்லை. செப்டம்பரில் அதே ரியோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிகள் தொடங்கின. செப்டம்பர் 10ஆம் நாள் 100 மீட்டர் ஓட்டத்தில் முகமட் ரிட்சுவான் புசி மலேசியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே நாளில் குண்டு எறிதலில் முகமட் சியாட் சோல்கெப்லி, அடுத்த நாள் நீளம் தாண்டுதலில் 7.60 மீட்டர் என்ற உலகச் சாதனையோடு அப்துல் லத்திப் ரொம்லி. ஒலிம்பிக்கில் ஒருமுறையேனும் ஒலிக்காதா என்று மலேசியர்கள் ஏங்கிய ‘நெகாராகூ’, பாராலிம்பிக்கில் இரண்டே நாள்களில் மூன்று முறை ஒலித்தது. மூவருக்கும் ஒலிம்பிக் வீரருக்குரிய அதே பரிசுத்தொகையை அரசாங்கம் வழங்கியது. மாமாக் கடைகளின் திரைகளுக்கு முன் அந்த இரவுகளில் எத்தனை நாற்காலிகள் நிரம்பியிருந்தன என்பது வேறு கேள்வி.

சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை ரசிகர்களே எழுப்பினார்கள். நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ ரியோவில் இரண்டு தங்கம் வென்றார். 2008இலேயே பெய்ஜிங் பாராலிம்பிக்கில் தங்கம் வென்று சிங்கப்பூரின் தேசிய கீதத்தை ஒலிக்கச் செய்தவர் அவர். ஸ்கூலிங் வெல்வதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே. ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் வெள்ளி கிடைக்கும்போது, பாராலிம்பிக் தங்கத்துக்கு அதில் சிறுபகுதி மட்டும் கிடைப்பது ஏன் என்று மக்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தத் தொகை உயர்த்தப்பட்டது. ஆனாலும் ஒலிம்பிக் தொகைக்கு அது சமமாகவில்லை. யிப் பின் சியூ 2021இல் தோக்கியோவிலும் இரண்டு தங்கம் வென்றார்.